உரியா கட்டிய பலிபீடம்

குறிஞ்சிப்பாடி என்றவுடன் வெளியூரார் நினைவுக்கு வருவன கைத்தறி லுங்கியும், அண்டையிலுள்ள நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும், வடலூரின் அணையா அடுப்புமே ஆகும். இவ்வூரில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்றும் உண்டு என்பதை அறிந்தோர் குறைவு. 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு இத்தகைய முகாம்களின் பெயரிலிருந்து ‘அகதி’ என்னும் சொல்லை நீக்கி, ‘மறுவாழ்வு முகாம்’ என அழைக்கத் தொடங்கிற்று. பெயர் மாறியது நன்றே. அங்கு வாழ்வோரின் நிலை எவ்வளவு மாறியது என்பது வேறு வினா. அதனை இறுதியில் தொடுவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டி இப்பகுதி முகாமொன்றுக்குச் சபையாருடன் சென்றிருந்தேன். பாடல், சிறு செய்தி, கேக்கு என்று வழக்கம்போல் யாவும் நடந்தேறின. பேச்சுவாக்கில், 1987ஆம் ஆண்டு ஜூன் மாதம் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மீது உணவுப் பொட்டலங்களை இறக்கியதற்கு அடுத்த ஞாயிறன்று, அப்போது நான் ஊழியம் செய்த சபையில் சிறப்பு நன்றி வழிபாடு நடத்தினோம் என்பதைச் சற்றுப் பெருமையோடே சொன்னேன். அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் அமைதியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்பு, “போதகர் ஐயா, பிளேனுக்காக ஜெபம் பண்ணினீங்கள் எண்டு சொல்லுறீங்கள், சந்தோசம். ஐப்பசியிலை எங்களுக்காக என்ன ஜெபம் பண்ணினீங்கள்?” என்று கேட்டார். என்னிடம் விடையில்லை. அவ்வாண்டு அக்டோபரில் நாங்கள் அறுப்பின் பண்டிகைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தோம் என்பதே உண்மை.

அவ்வினாவின் உந்துதலால் எழுந்ததே இக்கட்டுரை. வல்லரசுகள் பிற நாடுகளின் ஆட்சியில் தலையிடுவதுபற்றி அரசியல் அறிஞர் எழுதியவை பல. அவற்றை மீண்டும் தொகுத்துரைப்பது என் நோக்கமன்று. அத்தலையீடுகளைக் குறித்து நம் பிரசங்க பீடங்கள் பேசியது என்ன, அதற்குத் திருமறையை நாம் பயன்படுத்திய முறை யாது என்பதே ஈண்டுத் திறனாய்வுக்குரியது. குற்றம் சாட்டப்படுவோரின் பட்டியலில் என் பெயரும் உண்டு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நிகழ்ச்சிகளைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். 1983 ஜூலைக் கலவரத்தின் பின் ஆயிரக்கணக்கானோர் கடல் கடந்து தமிழகம் வந்தனர். அக்காலந்தொட்டே இந்திய அரசின் உளவுத்துறை ஈழப் போராளிக் குழுக்களுக்குப் பயிற்சியும் படைக்கலமும் அளித்தது. 1987இன் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு முற்றுகைக்குள்ளாயிற்று. ஜூன் 3ஆம் நாள் இராமேசுவரத்திலிருந்து செஞ்சிலுவைக் கொடியுடன் 19 படகுகள் உணவேற்றிச் சென்றன. இலங்கைக் கடற்படை அவற்றைத் திருப்பி அனுப்பிற்று. மறுநாள் ஐந்து விமானங்கள், போர் விமானங்களின் காவலுடன் சென்று, வானிலிருந்து உணவை இறக்கின. ‘பூமாலை’ என்பது அந்நடவடிக்கைக்கு இடப்பட்ட பெயர். ஜூலை 29 அன்று கொழும்பில் இராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டனர். இந்திய அமைதி காக்கும் படை யாழ்ப்பாணம் சென்றது. மக்கள் மாலையிட்டு வரவேற்றனர். அக்டோபர் 10 முதல் அதே படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் போர் மூண்டது. அக்டோபர் 21, தீபாவளி நாள். அன்றும் மறுநாளும் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளரும் மருத்துவரும் தாதியருமாக அறுபதுக்கும் மேற்பட்டோர் இந்தியப் படையினரின் துப்பாக்கிக்கு இரையாயினர். அம்மையார் குறிப்பிட்ட ஐப்பசி அதுவே.

ஜூன் மாதத்து நன்றி வழிபாட்டில் நான் எடுத்துக்கொண்ட திருமறைப் பகுதி நல்ல சமாரியன் உவமை. அக்காலத்தில் அதே பகுதியைக் கொண்டு பிரசங்கித்தோர் வேறு பலரும் இருந்திருக்கலாம். உவமை பொருத்தமாகவே தோன்றிற்று. குற்றுயிராய்க் கிடப்பவன் யாழ்ப்பாணத்தான். விலகிச் செல்வோர் மேலை நாடுகள். எண்ணெயும் திராட்சரசமும் வார்ப்பவன் இந்தியா. எவ்வளவு எளிதாகப் பாத்திரங்கள் பகிர்ந்தளிக்கப்பட்டன! பிரசங்கியார் தம் நாட்டுக்கு எப்போதும் நல்ல பாத்திரத்தையே ஒதுக்கிக்கொள்கிறார் என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

உவமையின் உட்கூறுகளை நுணுகி ஆராய்ந்திருந்தால் அப்பொருத்தம் எவ்விடத்தில் முறிகிறது என்பது அப்போதே புலப்பட்டிருக்கும். சமாரியன் கள்ளருள் ஒரு சாராருக்கு முன்னரே படைக்கலம் கொடுத்தவன் அல்லன். காயம் கட்டியபின் எரிகோ சாலையில் தனக்கு உரிமை கோரவில்லை. சத்திரக்காரனுக்குப் பணம் கொடுத்தான். மிகுதியாகச் செலவாகுமானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். அவன் திரும்பி வருவது கொடுப்பதற்காக, பெறுவதற்காக அன்று. 1987 ஜூலை 29 அன்று ஒப்பந்தத்தோடு இரு தலைவர்களும் கடிதங்கள் பரிமாறிக்கொண்டனர். நம்மில் பெரும்பாலோர் ஒப்பந்தத்தின் செய்தியைப் படித்தோம், கடிதங்களைப் படிக்கவில்லை. திருகோணமலைத் துறைமுகம் இந்திய நலனுக்கு ஊறாக எந்த நாட்டின் படைக்கும் அளிக்கப்படலாகாது. அங்குள்ள எண்ணெய்க் கிடங்குகளை இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சீரமைக்க வேண்டும். இலங்கையில் பணிபுரியும் அயல்நாட்டுப் படை, உளவுப் பணியாளரைப் பற்றியும் அயல்நாட்டு வானொலி நிலையங்களைப் பற்றியும் இணக்கம் காணப்பட வேண்டும் என்பனவே அவற்றின் சாரம். ஒரு நாட்டுக்குத் தன் பாதுகாப்பைப்பற்றிய அச்சம் இருப்பது பாவமன்று; பனிப்போர்க் காலத்தில் அவ்வச்சத்துக்குக் காரணமும் இருந்தது. ஆயினும் அக்கடிதங்களை வைத்துக்கொண்டு சமாரியன் உவமையைப் பிரசங்கிக்க இயலாது. இவ்வளவுதான் நான் சொல்ல வருவது.

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டோர் இரு அரசுகளின் தலைவர்கள் மட்டுமே. யாருடைய காயத்தைக் கட்டவேண்டி இத்தனையும் நடந்தனவோ அம்மக்களின் கையொப்பம் அதில் இல்லை. உவமையில் காயம்பட்டவன் பேசுவதே இல்லை என்பது உண்மை. அவன் குற்றுயிராய்க் கிடந்தான். யாழ்ப்பாணம் அவ்வாறு கிடக்கவில்லை. அது பேசிக்கொண்டுதான் இருந்தது.

இவ்விடத்தில் வாசகர் ஒரு தடை எழுப்பக்கூடும். அப்படியானால் அயலான் வீட்டில் தீப்பற்றி எரியும்போது வேலிக்கு இப்பால் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டுமா? கூடாது. திருமறையில் மிகச் சிறிய இறைவாக்கு நூல்களுள் ஒன்றான ஒபதியா முழுவதும் இக்குற்றத்தைப் பற்றியதே. அந்நியர் எருசலேமின் வாசல்களுக்குள் புகுந்த நாளில் ஏதோம் எதிரே ஒதுங்கி நின்றான். ஒதுங்கி நின்றதனாலேயே அவனும் அவர்களில் ஒருவன் ஆனான் என்கிறார் இறைவாக்கினர். ஏதோம் அயலான் மட்டுமன்று, உடன்பிறந்தான் என்பது குற்றத்தின் பாரத்தைக் கூட்டுகிறது. 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் வன்னியில் நடந்ததை எண்ணும்போது ஒபதியாவைப் படிக்க மனம் நடுங்குகிறது. 2005இல் ஐக்கிய நாடுகள் சபையில் கூடிய உலகத் தலைவர்கள், தம் மக்களை ஓர் அரசு காக்கத் தவறினால் அவர்களைக் காக்கும் பொறுப்பு உலக நாடுகளுக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டனர். அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து முள்ளிவாய்க்கால். தன் பணியாளரை 2008 செப்டம்பரிலேயே கிளிநொச்சியிலிருந்து விலக்கிக்கொண்ட அச்சபை, தான் தவறியதைத் தன் உள்ளக விசாரணை அறிக்கையின் வாயிலாக 2012இல் ஒப்புக்கொண்டது.

எனவே தலையிடுவது எப்போதும் தீது என்பாரோடு எனக்கு உடன்பாடில்லை. 1971இல் ஏறத்தாழ ஒரு கோடி மக்கள் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து இந்தியாவுக்குள் வந்தனர். டிசம்பரில் இந்தியப் படை சென்றது. டிசம்பர் 16 அன்று டாக்காவில் போர் முடிந்தது. 1972 மார்ச்சில் படை திரும்பிற்று. அதிலும் இந்தியாவுக்குத் தன்னலம் இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1970 டிசம்பர்த் தேர்தலில் அம்மக்கள் தம் தீர்ப்பைத் தாமே அளித்திருந்தனர். வேண்டியவர் யார், வேண்டாதவர் யார் என்பதை டெல்லி முடிவு செய்யவில்லை. 1988 நவம்பரில் வட-கிழக்கு மாகாண சபைக்கு நடந்த தேர்தலை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அங்கே அயல் படையின் நிழலில், வட மாகாணத்தில் போட்டியே இன்றி உறுப்பினர் தெரிந்தெடுக்கப்பட்டனர். படை 1990 மார்ச் 24ஆம் நாள் வெளியேறியது. அதற்குள் இந்திய வீரருள் சுமார் 1,200 பேர் மாண்டிருந்தனர். படை நீங்கவே அம்மாகாண சபையும் நீங்கிற்று. அதன் முதலமைச்சர் முன்னரே நாட்டைவிட்டு அகன்றிருந்தார்.

சமாரியன் பொருந்தவில்லை எனின் எந்தப் பகுதி பொருந்தும்? இரண்டாம் இராஜாக்கள் 16ஆம் அதிகாரத்தை நான் முன்வைக்கிறேன். ஞாயிறு பாட அட்டவணைகளில் இதனைக் காண்பது அரிது. இறையியல் மாணவரும் ஏசாயா 7ஆம் அதிகாரத்தின் பின்புலம் என்ற அளவில் ஒரு பக்கம் புரட்டிவிட்டுப் போய்விடுகின்றனர்.

யூதாவின் அரசன் ஆகாஸ் சிக்கலில் இருக்கிறான். சீரியாவும் இஸ்ரயேலும் அவன்மீது படையெடுத்து வந்துள்ளன. அவன் அசீரியப் பேரரசன் திகிலாத்பிலேசருக்குத் தூது அனுப்பி, தன்னை அவனுடைய அடிமை என்றும் குமாரன் என்றும் அறிவித்துக்கொண்டு, வந்து மீட்குமாறு வேண்டுகிறான். ஆலயத்திலும் அரண்மனையிலும் இருந்த வெள்ளியும் பொன்னும் காணிக்கையாகச் செல்கின்றன. அசீரியன் வருகிறான், தமஸ்கு வீழ்கிறது, சீரிய மன்னன் கொல்லப்படுகிறான். கேட்ட உதவி கிடைத்துவிட்டது. இத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றி வழிபாடு நடத்த ஏற்ற பகுதியே. ஆனால் ஆசிரியர் தொடர்ந்து எழுதுகிறார். ஆகாஸ் பேரரசனைக் காணத் தமஸ்குவுக்குப் போகிறான். அங்கே ஒரு பலிபீடத்தைக் காண்கிறான். அதன் சாயலையும் மாதிரியையும் எருசலேமிலுள்ள ஆசாரியனாகிய உரியாவுக்கு அனுப்புகிறான். அரசன் ஊர் திரும்புமுன்னே உரியா அதனைக் கட்டி முடித்துவிடுகிறான். பழைய வெண்கலப் பலிபீடம் வடபுறமாக ஒதுக்கப்படுகிறது. வெண்கலக் கடல்தொட்டி, அதனைத் தாங்கிய எருதுகளின்மேலிருந்து இறக்கப்பட்டுக் கல்தளத்தின்மேல் வைக்கப்படுகிறது. ஆலயத்தின் நடைமண்டபமும் மாற்றியமைக்கப்படுகிறது. அசீரிய அரசனின் நிமித்தமே இம்மாற்றம் என்று ஆசிரியர் ஒரு சிறு சொற்றொடரால் குறித்துவிட்டு நகர்கிறார்.

இதே நிகழ்ச்சியை நாளாகமக்காரர் பல தலைமுறைகள் கழித்து எழுதும்போது, அசீரியன் வந்தான், ஆனால் ஆகாஸைப் பலப்படுத்தவில்லை, நெருக்கினான் என்று பதிவு செய்கிறார். இராஜாக்களின் நூல் பேரரசன் வேண்டுகோளுக்குச் செவிகொடுத்தான் என்கிறது. முரண்பாடு என்று விளக்கவுரைகள் இதைத் தீர்க்க முயல்கின்றன. எனக்கு முரண்பாடாகத் தோன்றவில்லை. ஜூன் மாதத்திலும் அக்டோபர் மாதத்திலும் எழுதப்பட்ட இரு பதிவுகள் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே இருக்கின்றன. அசீரியாவின் கல்வெட்டொன்று இதே யூதா அரசனைக் கப்பம் கட்டியோர் வரிசையில் சேர்த்துள்ளது. பேரரசின் ஏட்டில் அவன் குமாரன் அல்லன், வெறும் கணக்கு.

என் சிந்தையை மிகவும் வருத்துவது அரசன் அன்று, ஆசாரியன். உரியா தீயவன் என்று திருமறை எங்கும் சொல்லவில்லை. ஏசாயா தம் பலகையில் எழுதியதற்கு உண்மையுள்ள சாட்சிகளாக அழைத்த இருவருள் ஒருவர் ஆசாரியனாகிய உரியா. இருவரும் ஒருவரே எனப் பல அறிஞர் கருதுவர். நானும் அவ்வாறே கொள்கிறேன். அங்ஙனமாயின் இறைவாக்கினரே நம்பிக்கைக்குரியவன் என்று தெரிந்தெடுத்த ஒரு நல்ல ஆசாரியன்தான், அரசன் மாதிரிப் படத்தை அனுப்பியதும் மறுவார்த்தை பேசாமல் பலிபீடத்தைக் கட்டினான். அவனை யாரும் கட்டாயப்படுத்தியதாகத் தெரியவில்லை. காலம் அப்படி, நாடு காப்பாற்றப்பட்டிருந்தது, நன்றி மிகுந்திருந்தது. 1987 ஜூன் 7 அன்று எனக்கும் எவரும் கட்டளையிடவில்லை.

உரியாவின் மரபு நம் ஊரிலேயே உண்டு என்பதை நாம் நினைப்பதில்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து கடலூர் சிறிது நேரப் பயணம். அங்கே தேவனாம்பட்டினத்தில் ஆங்கிலக் கம்பெனியாரின் புனித தாவீது கோட்டை இருந்தது. 1749இல் தஞ்சையின் முன்னாள் அரசன் சாகுஜி அக்கோட்டைக்கு வந்து, தன் அரியணையில் பிரதாபசிங் இருக்கிறான், மீட்டுத் தருக என்று வேண்டினான். கைம்மாறாகத் தேவிகோட்டையைத் தருவதாகச் சொன்னான். கம்பெனி நீதியின் பெயரால் படை அனுப்பிற்று. முதல் முயற்சி தோற்றது. இரண்டாம் முறை மேஜர் லாரன்ஸ் தலைமையில் சென்ற படை தேவிகோட்டையைப் பிடித்தது. கிளைவ் என்னும் இளம் அதிகாரியின் பெயர் வெளிப்பட்டது அப்போதுதான். கோட்டை கைக்கு வந்தபின் கம்பெனியார் பிரதாபசிங்குடனேயே உடன்பாடு செய்துகொண்டனர். பிரதாபசிங் கோட்டையை அவர்களுக்கே விட்டுக்கொடுத்தான். சாகுஜிக்கு ஓர் உதவித்தொகை ஏற்பாடாயிற்று. அவன் இனித் தஞ்சைக்குத் தொல்லை தராமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைக் கம்பெனியே ஏற்றது. யாருக்காகப் போர் தொடங்கியதோ அவனுக்குக் கம்பெனியே காவலாயிற்று! நம் நாட்டு அரசுரிமைச் சிக்கலில் ஆங்கிலக் கம்பெனி படையோடு தலையிட்ட தொடக்க நிகழ்ச்சி இதுவே.

அதே 1749இன் இறுதியில் கடலூரில் இன்னொன்றும் நடந்தது. பிரெஞ்சுக்காரரோடு தொடர்புடையவர் என்ற ஐயத்தின்பேரில் கம்பெனியார் கத்தோலிக்கக் குருமாரை வெளியேற்றி, அவர்கள் வசமிருந்த கோயிலை நம் புராட்டஸ்டண்டு மிஷனெரி கீர்நாந்தரிடம் ஒப்படைத்தனர். அவர் அதனைப் பெற்றுக்கொண்டார். கிறிஸ்து ஆலயம் என்று பெயரிட்டார். சபை வரலாறுகளில் இது ஆண்டவரின் ஏற்பாடாகவே நெடுங்காலம் கூறப்பட்டது. கம்பெனியின் ஏற்பாடு என்பதே பொருத்தம். 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரைப் பிடித்தபோது கீர்நாந்தர் கல்கத்தாவுக்குச் செல்ல நேர்ந்தது. படையின் துணையால் வந்த கோயிலை மற்றொரு படை வந்து கலைத்தது.

சுவார்ச்சு ஐயரைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. தஞ்சையும் திருச்சியும் இன்றும் போற்றும் தூயவர் அவர். 1779இல் கம்பெனியின் சமாதானத் தூதராகச் சீரங்கப்பட்டணம் சென்று ஹைதர் அலியைக் கண்டார். ஹைதர் அளித்த வழிச்செலவுப் பணத்தைத் தமக்கென வைத்துக்கொள்ள மனமின்றிக் கம்பெனியாரிடம் ஒப்படைக்க முயன்றவர். ஆயினும் அவர் எடுத்துச் சென்ற சமாதானச் சொற்களுக்குப் பின்னால் கம்பெனியின் எண்ணம் வேறாக இருந்தது. அடுத்த ஆண்டே ஹைதரின் படை கருநாடகத்துக்குள் இறங்கிற்று. தஞ்சையில் துளஜா மன்னர் 1787இல் இறந்தபின் தத்துப்பிள்ளை சரபோஜியின் உரிமையை முதலில் மறுத்து அமர்சிங்கை அரசராக்கியது கம்பெனி. இளைஞன் சரபோஜியைப் பாதுகாத்து, கற்பித்து, அவனுக்காக வழக்காடியவர் சுவார்ச்சு. அவரது அன்பில் ஐயமில்லை; வழக்கும் நியாயமானது. 1798 பிப்ரவரியில் அவர் மறைந்தார். ஜூனில் கம்பெனி தன் தீர்ப்பை மாற்றிச் சரபோஜியை அரியணை ஏற்றியது. 1799 அக்டோபரில் அதே சரபோஜி தஞ்சையின் ஆட்சியைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்தார். அவருக்கு மிஞ்சியது கோட்டையும் அதன் சுற்றுப்புறமும். ஓர் அனாதைப் பிள்ளைக்கு நீதி வேண்டிய ஒரு தூயவரின் முயற்சி, பேரரசின் ஏட்டில் ஒரு நாட்டின் வரவாகப் பதிவாயிற்று. சுவார்ச்சின் நினைவாகச் சரபோஜி அமைத்த சலவைக்கல் சிற்பத்தின் முன் நின்று கண்கலங்கும் நம் மாணவர், 1799ஆம் ஆண்டு உடன்படிக்கையையும் ஒருமுறை படித்துவிட்டுக் கலங்குவாராக.

இனி நெய்வேலி. எங்கள் பகுதிக்கு வேலை தந்த அனல்மின் நிலையம் சோவியத் நாட்டின் துணையோடு எழுந்தது. 1962 முதல் அங்கு மின்சாரம் பிறந்தது. ரஷ்யப் பொறியாளரைக் கண்ட முதியோர் இன்றும் அவர்களை அன்போடே நினைவுகூர்வர். அவ்வுதவி எவருடைய ஆட்சியையும் கவிழ்க்கவில்லை. ஆனால் சோவியத் படைகள் 1968இல் பிராகு நகருக்குள் புகுந்தபோதும், 1979 டிசம்பரில் காபூலுக்குள் புகுந்தபோதும், ஐக்கிய நாடுகள் சபையில் கண்டன வாக்கெடுப்பில் இந்தியா விலகியே நின்றது. 1953இல் ஈரானிலும், 1954இல் குவாத்தமாலாவிலும், 1973இல் சிலியிலும் அமெரிக்கா செய்ததை நம் திருச்சபை ஏடுகள் கண்டித்தன, சரியே. காபூலைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. உதவி பெற்றவன் வாய் அடைபடுவது இயல்பு. ஆகாஸுக்கு நேர்ந்ததும் அதுதான்.

இறையியல் கல்லூரிகளில் இப்பொருளைக் கற்பிக்கும்போது வழக்கமாக இரண்டு ஏடுகளைத் திறக்கிறோம். ஒன்று, அகஸ்டின் தொடங்கி அக்குவினா வழியாக வரும் நீதியான போர்க் கோட்பாடு. உரிய அதிகாரம், நேரிய காரணம், நேரிய நோக்கம் என அது வகுக்கும் அளவுகோல்கள் பயனற்றவை அல்ல. மேற்சொன்ன கடிதங்கள் மூன்றாவதில் தோல்வியுறும் என்பதை அவற்றைக் கொண்டே காட்டலாம். மற்றொன்று, 1932இல் நீபூர் சகோதரர் இருவரும் ஓர் அமெரிக்கக் கிறிஸ்தவ வார இதழில் நடத்திய சொற்போர். ஜப்பான் மஞ்சூரியாவைப் பிடித்தபோது அமெரிக்கா என்ன செய்ய வேண்டும் என்பது பொருள். இளையவர் ரிச்சர்டு, ஒன்றும் செய்யாதிருப்பதிலும் அருள் உண்டு, நம் கைகளும் கறைபட்டவை என்றார். மூத்தவர் ரைன்ஹோல்டு, கறைபடாத கை வரும்வரை காத்திருந்தால் நீதி ஒருநாளும் நடவாது என்று மறுத்தார். இருவரும் பெரியோர். மாணவனாக நான் மூத்தவர் பக்கம் நின்றேன்; பின்பு இளையவர் பக்கம். இன்று அச்சொற்போரைப் படிக்கும்போது வேறொன்று கண்ணை உறுத்துகிறது. அது முழுவதும் தலையிட வல்ல நாட்டின் குடிமக்கள் தங்கள் மனச்சாட்சியைப்பற்றிப் பேசிக்கொண்டது. மஞ்சூரியாவின் சீனக் குடியானவனுக்கு அவ்வுரையாடலில் இருக்கை இல்லை. நமக்கும் அதே குறை. ‘இந்தியா தலையிடலாமா?’ என்று நாம் விவாதித்தோம். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனம் நம் சொந்தத் திருச்சபையின் ஓர் உறுப்பு. ஒரே வழிபாட்டு முறை, ஒரே சினோடு. அவ்வாதீனத்தின் சபையாரிடம் நேரில் கேட்கும் வழி நமக்கு இருந்தது. வேறு எந்த அரசியல் விமர்சகருக்கும் கிடைக்காத வழி அது. அதனை நாம் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பதே என் முதன்மையான குற்றச்சாட்டு.

கேட்டிருந்தால் எத்தகைய விடை வந்திருக்கும் என்பதை ‘முறிந்த பனை’ என்னும் நூல் காட்டுகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர் நால்வர், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், சிறீதரன், ராஜினி திராணகம ஆகியோர் எழுதியது, 1990இல் வெளியாயிற்று. ராஜினி உடற்கூற்றியல் துறைத் தலைவர். கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். நூலின் அச்சுப்படியைக் காண அவர் இல்லை. 1989 செப்டம்பர் 21 அன்று பல்கலைக்கழகத்திலிருந்து மிதிவண்டியில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நூல் ஒரே சீரான தரத்தில் இல்லை. நால்வர் கை என்பது தெரிகிறது. சில இடங்களில் அரசியல் விளக்கம் நீண்டு சோர்வு தருகிறது. ஆயினும் 1987 அக்டோபரில் பெண்களுக்கு நேர்ந்தவற்றை ராஜினி ஒவ்வொருவராகக் கேட்டு எழுதிய பகுதி, எந்த விசாரணைக் குழுவும் செய்யாத வேலையைச் செய்கிறது. இந்தியப் படையை அது விடவில்லை. இலங்கை அரசை விடவில்லை. புலிகளையும் ஏனைய தமிழ்க் குழுக்களையும் விடவில்லை. ஒரு சாராரின் குற்றத்தைச் சொல்வதால் மறு சாராருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுக்கும் வழக்கம் அந்நூலில் இல்லை. ஆமோஸின் முதல் இரண்டு அதிகாரங்களும் இம்முறையிலேயே அமைந்தவை. தமஸ்கு, காசா, தீரு என்று சுற்றிச் சுற்றி வந்து, கேட்போர் தலையசைத்துக்கொண்டிருக்கும்போதே யூதாவிலும் இஸ்ரயேலிலும் இறங்குகிறார். மோவாப் ஏதோமின் அரசனுக்குச் செய்த கொடுமையைக் கண்டிக்கும்போது அதில் இஸ்ரயேலுக்கு எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவன் நம்மவனா என்று கேளாமல் கண்டிக்கிற குரல் அது.

2003இல் ஈராக்குக்குள் அமெரிக்கப் படையும், 2022இல் உக்ரைனுக்குள் ரஷ்யப் படையும் நுழைந்தபோது நம் சபைகளில் ஜெபங்கள் ஏறெடுக்கப்பட்டன. யாவும் சமாதானம் வேண்டும் பொதுவான ஜெபங்கள். பொதுவான ஜெபத்தில் எவரும் புண்படுவதில்லை. உரியாவின் பலிபீடத்திலும் பலிகள் ஒழுங்காகவே செலுத்தப்பட்டன.

அம்மையாரின் வினாவுக்குப் பின் எங்கள் சபையின் மன்றாட்டில் ஒரு பத்தியைச் சேர்த்து எழுதினேன். யாழ்ப்பாண மருத்துவமனையில் இறந்தவர்களையும், 1989 ஆகஸ்டில் வல்வெட்டித்துறையில் இந்தியப் படையினரால் கொல்லப்பட்டவர்களையும், நம் ஊர்களிலிருந்து படையில் சேர்ந்து அங்கே சென்று திரும்பாத இளைஞரையும், 1991 மே 21 அன்று திருப்பெரும்புதூரில் மாண்ட அனைவரையும் ஒரே மூச்சில் குறிப்பிட்டேன். சபையாருள் இருவர் எழுந்து சென்றுவிட்டனர். ஒருவர் முன்னாள் படைவீரர், மற்றவர் ஈழ ஆதரவாளர். இருவரையும் வீட்டில் சென்று சந்தித்தேன். முன்னாள் படைவீரர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு தம் கூட்டாளி ஒருவரின் பெயரைச் சொல்லி, அடுத்த முறை அப்பெயரைத் தனியே வாசிக்க முடியுமா என்று கேட்டார். மற்றவர் இன்னும் திரும்பி வரவில்லை.

முகாமுக்குச் சென்று அம்மையாரிடம் அம்மன்றாட்டைக் காட்டினேன். கண்ணாடி அணிந்து மெதுவாக வாசித்தார். நல்லது என்றார். பிறகு தம் பேரனை அழைத்தார். இம்முகாமில் பிறந்து, இவ்வூர்ப் பள்ளியில் பயின்று, பாலிடெக்னிக் படிப்பை முடித்தவன். அவன் கையில் ஒரு விண்ணப்பப் படிவம். 2019ஆம் ஆண்டு குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாட்டாரைக் குறிப்பிடுகிறது, இலங்கையைக் குறிப்பிடவில்லை. ‘நாட்டினம்’ என்று கேட்ட கட்டத்தைத் தவிர மற்றவற்றையெல்லாம் அவன் நிரப்பியிருந்தான். அதில் என்ன எழுதுவது என்று என்னிடம் கேட்டான்.